எடைமேடை, புதுவயல்

ராத்திரி பதினொன்றுக்கு மேல்
லாரிக்கும் லாரிக்கும் நடுவில் எனக்கு
இருபது நிமிடம் கிடைக்கும்.
அந்த நேரத்தில் கேலக்ஸிகளைத் தரம் பிரிக்கிறேன்.

கம்ப்யூட்டர் ஒரு படம் காட்டும், கேட்கும்:
உருண்டையா, தட்டையா?
கை உண்டா, எத்தனை கை?
நடுவில் குறுக்குக்கட்டை தெரிகிறதா?
ஏதாவது கலைந்து கிடக்கிறதா?
யாரோ எங்கோ கேட்பதற்குக்
கூலியில்லாமல் பதில் சொல்கிறேன்.
இதுவரை நாலாயிரத்துச் சொச்சம்.

நீலமாக இருந்தால்
அவியல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வேன்.
வாயு வந்திறங்க வந்திறங்க
உள்ளே புதுசு புதுசாக நட்சத்திரம் வேகும்.
சிவந்து, கையெல்லாம் கரைந்து,
முட்டைபோல் கிடந்தால்
அது வரத்து நின்ற மில்.
பாய்லர் சூடு மிச்சமிருக்கும்.
அதிலும் வெளிச்சம் வரும், நெடுங்காலம் வரும்.
புதிதாய் ஒன்றும் வேகாது.

உமியைச் சொல்ல மறந்தேன்.
நெல்லின் தோலை எரித்துத்தான்
இங்கே அடுத்த நெல்லை அவிக்கிறோம்.
அங்கும் அப்படித்தானாம்.
செத்தது ஊதிவிட்ட சாம்பலும் கலந்துதான்
அடுத்தது பிடிக்கிறது.
நம் ரத்தத்து இரும்புகூட அந்த அடுப்புச் சரக்கு.
எனக்கு அது குறைவு என்று
போன மாதம் காரைக்குடியில் மாத்திரை எழுதினார்கள்.

முதலாளி வீட்டுக் கோயில் கணக்கில்
புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு புள்ளி.
ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி.
நான் அந்தக் கணக்கில் வருகிற ஆள் இல்லை.
ஆனாலும் சொல் ஒட்டிக்கொண்டது.
திரையில் இரண்டு புள்ளி
நெருங்கிக் கிடந்தால் கை ஓடாது.
ஒன்றிலிருந்து வால் நீண்டு மற்றதைத் தொடும்.
சுற்றிச் சுற்றி, கோடி கோடி வருஷத்தில் ஒன்றாகும்.
மோதல் என்கிறார்கள். ஆனால்
நட்சத்திரத்தில் நட்சத்திரம் இடிப்பதில்லையாம்,
அவ்வளவு இடைவெளி.
வாயுதான் முட்டிக்கொண்டு பற்றி எரியும்.
எனக்கும் கல்யாணம் ஆனது.
விடுங்கள்.

ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி
அறந்தாங்கிப் பக்கத்து லாரி.
சேவுகன் நெல்லை இறக்கிவிட்டு
வெறும் வண்டியாய் மேடை ஏறினார்.
வழக்கமான வெத்து எடையைவிட
முந்நூற்று நாற்பது கிலோ கூட.

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தோம்.
சாக்கு, ஸ்டெப்னி, ஜாக்கி.
ஈரத்தைக் கழித்தோம், சேற்றைக் கழித்தோம்,
டீசலைக் கழித்தோம்.
தூங்கிய கிளீனர் பையனை எழுப்பி இறக்கினோம்.
அப்புறமும் நூற்றெண்பது நின்றது.
பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினார். அதே.

"மேடை கெட்டுப்போச்சு" என்றார்.
முத்திரை வைத்து எட்டு நாள்தான் என்றேன்.
"அப்ப நூத்தியெண்பது கிலோ நெல்லு யாரு தலையில?"
இருவரும் சேர்ந்து வண்டிக்கு அடியில் குனிந்தோம்.
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அடிப்பார்:
கேலக்ஸியின் ஓரத்து நட்சத்திரங்கள்
ஓடுகிற ஓட்டத்துக்குத்
தெரிகிற எடை போதவே போதாது.
எப்போதோ தெறித்துச் சிதறியிருக்க வேண்டும்.
சிதறவில்லை.
வெளிச்சம் இல்லாத, விரலில் தட்டுப்படாத ஏதோ,
தெரிவதுபோல் ஐந்து மடங்கு,
பிடித்து வைத்திருக்கிறது.
தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாயிற்று.

ரசீதில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
'தெரியவில்லை' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
படித்தவர்களும் இன்றுவரை
அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.
சேவுகன் ரசீதை நாலாய் மடித்துச்
சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு
என் முகம் பார்க்காமல் ஏறினார்.

வண்டி போனதும் மழையில் இறங்கி
மேடை நடுவில் போய் நின்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு எண் மாறியது.
ஆஸ்பத்திரியில் நான் ஐம்பத்திரண்டு.
இருபது இருபதாகத் தாவுகிற இந்த மேடையில்
அறுபது.
எட்டுக் கிலோ யாருடையது என்று தேடவில்லை.

வாசலில் அடுத்த ஹாரன்.
திரையில் பாதியில் விட்ட சுருள்
எத்தனை கை என்ற கேள்வியோடு
காத்துக்கொண்டிருந்தது.